வலையை விட வேண்டாம், அதன் எடையைக் குறைப்போம்

கேள்வி: எனக்கு 66 வயது. கிள்ளைக்குப் பக்கத்தில் கிராமம். பதினைந்து வயதிலிருந்து உப்பங்கழியில் வீச்சு வலை போடுகிறேன். இரண்டு வருடமாகக் கையில் பலம் குறைந்துகொண்டே வருகிறது. நிலா மாதிரி வட்டமாக விழுந்த வலை இப்போது முறம் அளவுக்குத்தான் விரிகிறது. இடது தோளில் வலி. சர்க்கரை ஒன்பது வருடமாக இருக்கிறது. ஐம்பது சென்ட்டில் கத்தரியும் மல்லாட்டையும் (வேர்க்கடலை) போடுகிறோம். மண்வெட்டி பிடித்தால் பத்து நிமிடத்தில் விரல் ஓய்ந்துவிடுகிறது. கிணற்றில் தண்ணீர் சேந்துவது இப்போது என் மனைவிதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னைக்கு வரும்படி மகன் கூப்பிடுகிறான். அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அதில் எழுபது வயதுக்காரர் ஒருவர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வில்லை இழுத்து மாட்டி மான் வேட்டைக்குப் போகிறார். சின்ன வயதில் அப்பாவோடு கவுதாரிக்கும் முயலுக்கும் போனவன் நான். அந்த மாதிரி வசதி நம் பக்கத்து வேலை எதற்காவது உண்டா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அப்பாதான் நினைவுக்கு வந்தார். அவர் கடலூர் முதுநகரில் உப்பனாற்றில் வலை போட்டவர். அவருக்குக் கை தளர ஆரம்பித்தபோது நான் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது உடல் தளர்ந்தவர்கள் அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சை, படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். "போதும்பா, இனிமே உட்காருங்க" என்று சொல்லி, வலையைச் சுருட்டிப் பரணில் போட்டது நான்தான். பாசத்தில்தான் செய்தேன். ஆறு மாதம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கு அப்புறம் திண்ணையிலிருந்து எழுந்திருக்கவே ஆள் தேவைப்பட்டது. அதனால் உங்கள் மகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர் சொல்வதை அப்படியே கேட்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முப்பது வயதைத் தாண்டிய பிறகு பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் குறையும். தசையை விடப் பலம் முன்னதாகவே போகும். வேலையை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து இறங்கும். நன்றாக நடமாடிக்கொண்டிருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தபோது, காலில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. எனவே வலையைப் பரணில் போடுவது என் பேச்சிலேயே இல்லை.

சாதனங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் நீங்கள் ஒரு டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு வருடமாக மெதுவாகக் குறைகிறது, இரண்டு கையிலும் இருக்கிறது என்றால் வயதும் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, கழுத்து எலும்பில் நரம்பு நசுங்குவது ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறீர்களா? செருப்பு காலிலிருந்து கழன்று போவது தெரியாமல் நடக்கிறீர்களா? இருந்தால் அதைச் சொல்ல மறக்காதீர்கள். இடது தோள் வலி, சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும் தோள் இறுக்கமாக இருக்கலாம். அதைச் சீக்கிரம் கவனித்தால் கை நன்றாக அசையும். தள்ளிப்போட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். புதுச்சேரி வர முடிந்தால் ஜிப்மரில் உடலியக்க மறுவாழ்வு மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. இன்னொன்று: ஒரு பக்கக் கையோ காலோ திடீரென்று விழுந்தாலும், வாய் கோணினாலும், பேச்சு குழறினாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நிறைய பேர் விடியட்டும் என்று படுத்துவிடுகிறார்கள்.

இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன். வேட்டையைப் பொறுத்தவரை நம் ஊரில் பேச்சே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரி, முயல், உடும்பு எதைப் பிடித்தாலும் குற்றம். வேட்டைக்குச் சட்டத்தில் இடம் இருக்கும் நாடுகளில், கை தளர்ந்தவர்கள் வேட்டையை விடாமல் கருவியை மாற்றிக்கொள்கிறார்கள். அந்தக் கருவியில் இருக்கும் புத்தி உங்கள் வலைக்கும் கிணற்றுக்கும் அப்படியே பொருந்தும். அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

அந்த ஆள் வைத்திருந்தது குறுக்கு வில். அதன் நாணை இழுத்து மாட்ட ஏறக்குறைய 68 கிலோ பலம் வேண்டும். வெறும் கையால் இளைஞனுக்கே கஷ்டம். அதற்கு ஒரு கயிறும் கொக்கியும் சிறு உருளையும் உண்டு. கயிற்றை மடக்கிப் போட்டு இழுத்தால் பலம் பாதியாகக் குறையும். கைப்பிடியைச் சுற்றும் கருவி வைத்தால் அதிலும் பல மடங்கு குறையும். மற்றொரு வகை வில்லில் நாணை முழுவதும் இழுத்த பிறகு நுனியில் இருக்கும் சக்கரங்கள் பெரும்பகுதி எடையைத் தாங்கிக்கொள்ளும். 27 கிலோ இழுவிசை உள்ள வில்லை இழுத்து நிறுத்திய பிறகு ஐந்தரைக் கிலோ பிடித்தால் போதும். அதோடு கையில் துப்பாக்கியோ வில்லோ தாங்காமல் முக்காலிக் கம்பில் சாய்த்து வைக்கிறார்கள். வேட்டையாடிய மிருகத்தைத் தோளில் தூக்காமல் சக்கர வண்டியில் இழுத்து வருகிறார்கள். எடையை உருளைக்கும் தரைக்கும் சக்கரத்துக்கும் கொடுத்துவிட்டு, குறி பார்ப்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்வதுதான் அவர்கள் செய்வது.

உங்கள் வலையிலும் அதையே செய்வோம்.

முதலில் வலையை ஈரத்தோடு எடை போடுங்கள். ஊர் மளிகைக் கடைத் தராசு போதும். நீங்கள் போடுவது பத்தடி வலை என்று வைத்துக்கொள்கிறேன். அதை ஏழடியாகக் குறைத்தால் ஓரத்து ஈயம் சுமார் முப்பது சதவீதம் குறையும். ஆனால் வட்டத்தின் பரப்பு பாதியாகிவிடும், மீனும் அந்த அளவுக்குக் குறையும். இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் பலர் சின்ன வலை வாங்கிவிட்டு, "இதுல ஒண்ணும் விழல" என்று ஒரே வாரத்தில் பழைய வலைக்குத் திரும்பித் தோளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் இடைப்பட்ட எட்டரை அடிக்கு வாருங்கள். நூல் வலையாக இருந்தால் தங்கூசி (ஒற்றை நைலான் இழை) வலைக்கு மாறுங்கள். நூல் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், தங்கூசி குடிக்காது. பத்து முறை வீசிய பிறகு அந்த வித்தியாசம் தோளுக்குத் தெரியும்.

வீசும்போது வலையின் ஓரத்தைப் பல்லால் கவ்வுகிறீர்களா? நம் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான் பழகியிருக்கிறோம், என் அப்பாவும் அப்படித்தான். ஓரத்தில் இருப்பது ஈயம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் நரம்பைத் தளர்த்தும், கையில் பலம் குறையும். உங்களுக்கு இருக்கும் தொந்தரவில் இதுவும் ஒரு பங்கா என்று டாக்டரிடம் கேளுங்கள். இனிமேல் அந்த மடிப்பை வாயில் வைக்காமல் முழங்கையில் தொங்க விடுங்கள்.

வீச்சில் கையைத் தோளுக்கு மேலே தூக்காதீர்கள். வயிற்று மட்டத்தில் வலையை வைத்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பி, பின்காலிலிருந்து முன்காலுக்கு எடையை மாற்றி விடுங்கள். வலையை விரிப்பது இடுப்பின் சுழற்சிதான். உங்கள் வலை முறம் அளவு விழுவதற்குப் பாதிக் காரணம், வலிக்குப் பயந்து உடம்பைத் திருப்பாமல் கையால் மட்டும் வீசுவதாக இருக்கலாம். வீட்டு முற்றத்தில் பழைய பாயை விரித்து, ஈரமில்லாத வலையால் தினம் பத்து முறை வீசிப் பாருங்கள்.

கரையிலிருந்து இழுக்கும்போது கையால் சுருட்டிச் சுருட்டி இழுக்காமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடங்கள். அப்போது கால் இழுக்கும், கை பிடிப்பதோடு சரி. படகில் இருந்தால், ஓரத்தில் ஒரு முளைக்கட்டை அடித்துக் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். மூச்சு வாங்க நிறுத்தும்போது கட்டையும் கயிறும் உரசிக்கொண்டு வலையைத் தாங்கும். அந்த வில்லில் சக்கரம் செய்வதை இங்கே ஒரு முளை செய்கிறது. மெல்லிய கயிறு விரலை அறுக்கும், இறுக்கிப் பிடிக்கப் பலமும் அதிகம் வேண்டும். கைப்பிடிக்கும் நீளத்துக்கு மட்டும் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிடுங்கள்.

அப்புறம், இதை மிக முக்கியமாகச் சொல்கிறேன். கயிற்றின் சுருக்கை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வீசாதீர்கள். உடம்பில் பலம் இருந்த காலத்தில், வலை வேரில் சிக்கினாலோ நீரோட்டம் இழுத்தாலோ சமாளித்திருப்பீர்கள். இப்போது அது உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். சுருக்குக்குப் பதிலாகக் கயிற்றின் நுனியில் மூடிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டுங்கள். சிக்கல் என்றால் கயிற்றை விட்டுவிடலாம், பாட்டில் மிதக்கும், நீர் வற்றியதும் போய் எடுத்துக்கொள்ளலாம். வலை போனால் இன்னொன்று வாங்கலாம், ஐயா.

வீசுவதே முடியாத நாள்களும் வரும். அன்றைக்கு இரும்பு வளையத்தில் வலை கட்டி, நடுவில் மீன் தலையை இரையாக வைத்து இறக்கும் நண்டு வலை இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கலாம், தூக்கும்போதும் எடை குறைவு. சேற்று நண்டை மட்டும் விரலால் பிடிக்காதீர்கள். பிடி தளர்ந்த கைக்கு அதன் கொடுக்கிலிருந்து விடுபட முடியாது. நீளமான இடுக்கியை வைத்துக்கொள்ளுங்கள். மடவைக்கும் கொடுவாவுக்கும் ரீல் வைத்த தூண்டிலும் நல்லது. தூண்டில் தடியின் அடியைக் கரையில் ஊன்றிய குழாய்த் துண்டில் செருகிவிட்டால் தடியைக் குழாய் தாங்கும்.

சர்க்கரைக்காரர் என்பதால் இரண்டு விஷயம். விடியற்காலையில் மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கழிக்குப் போகாதீர்கள். சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் தண்ணீரில் யாரும் பார்க்க மாட்டார்கள். ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். வெறுங்காலோடு சேற்றில் இறங்கவும் கூடாது. சிப்பியின் ஓடும் கெளுத்தி மீனின் முள்ளும் கிழிப்பது காலில் உணர்வு குறைந்தவருக்குத் தெரியாது. காலில் இறுக்கமாக நிற்கும் ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு, திரும்பி வந்ததும் உள்ளங்காலை மனைவியிடம் காட்டுங்கள். சின்னப் புண்ணாக இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். தனியாகப் போகும் நாளில் எந்தக் கால்வாய்ப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி கிணறு. நீங்கள் விட்ட சுமை தரையில் இறங்கவில்லை, உங்கள் மனைவியின் இடுப்பில் ஏறியிருக்கிறது. அவர்களுக்கும் அறுபதை ஒட்டி வயதிருக்கும். குடத்தை ஒரே பக்கம் இடுப்பில் வைத்து நடப்பது முதுகுக்கு நல்லதில்லை. உங்கள் கிணற்றில் இருப்பது மேலே ஒரு உருளை மட்டும்தானே? அது திசையைத்தான் மாற்றும், எடையைக் குறைக்காது. பத்து லிட்டர் வாளிக்குப் பத்துக் கிலோ இழுக்கத்தான் வேண்டும். வாளியின் பிடியில் இன்னொரு சிறு உருளையைக் கோத்து, கயிற்றின் ஒரு நுனியை மேல் சட்டத்தில் கட்டி, கயிறை வாளி உருளைக்குக் கீழே விட்டு மேல் உருளை வழியாக இழுங்கள். ஐந்து கிலோவும் உராய்வுக்குக் கொஞ்சமும் இழுத்தால் போதும். பதினைந்து அடிக் கிணற்றுக்கு முப்பது அடிக் கயிறு இழுக்க வேண்டியிருக்கும், நேரம் ஆகும், ஆனால் தோள் தப்பிக்கும். கிணற்றடியிலிருந்து வீட்டுக்குக் குடம் வேண்டாம். ஐந்து லிட்டர் கேன் கைக்கு ஒன்றாக இரண்டு, அல்லது பழைய சைக்கிள் சக்கரத்தில் பெட்டி வைத்த தள்ளுவண்டி. மின் இணைப்பு பக்கத்தில் இருந்து மகனுக்கு வசதியும் இருந்தால், சென்னைக்குக் கூப்பிடுவதற்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார் போட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். பெற்றோருக்கு அவர் உண்மையிலேயே ஏதாவது செய்ய நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

மண்வெட்டியைப் பொறுத்தவரை பெரும்பாலும் பிடியிலும் முனையிலும்தான் தவறு இருக்கும். ஒல்லியான காம்பைப் பிடிக்க விரல் அதிகம் இறுக வேண்டும். மூன்றரை முதல் நாலு சென்டிமீட்டர் கனமுள்ள காம்பு கைக்கு அடங்கும், அதற்கும் டியூப் சுற்றலாம். இலை சிறிய மண்வெட்டி வாங்குங்கள். வாரம் ஒரு முறை அரத்தால் கூர் தீட்டுங்கள். முந்தின நாள் மாலை பாத்திக்குத் தண்ணீர் விட்டு ஈரமான மண்ணைக் கொத்துங்கள். மல்லாட்டைக்குக் களை எடுக்கக் குனிந்து கொத்துவதை விட, நின்றபடி முன்னும் பின்னும் தள்ளும் சக்கரக் களைவெட்டி நல்லது, அதில் உடம்பின் எடையே வேலை செய்யும். கத்தரியில் ஒரு பகுதியை மட்டும் ஹாலோ பிளாக் அடுக்கி இரண்டடி உயரப் பாத்தியாக மாற்றிக்கொண்டால் நின்றபடியே பறிக்கலாம். பத்து நிமிடத்தில் விரல் ஓய்கிறது என்றீர்கள். ஏழு நிமிடத்தில் நிறுத்தி மூன்று நிமிடம் உட்காருங்கள். ஓய்ந்த பிறகு நிறுத்தினால் அன்றைய பொழுது போய்விடும், ஓய்வதற்கு முன் நிறுத்தினால் காலை முழுவதும் ஓடும்.

வீட்டில் கயிற்றுக் கட்டில் இருந்தால் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். குழிவிழுந்த கட்டிலிலிருந்து எழுவது முழங்காலுக்கும் கைக்கும் பெரிய வேலை. கழிப்பறைச் சுவரில் கெட்டியாக ஒரு பிடிக்கம்பி போடுங்கள்.

கருவியை மட்டும் மாற்றினால் போதாது. பலத்தையும் கொஞ்சம் திரும்பச் சேர்க்க வேண்டும், 66 வயதில் அது நிச்சயம் முடியும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், பத்துப் பத்தாக இரண்டு வேளை. ஈரத் துண்டை முறுக்கிப் பிழியுங்கள். சுவரில் விரலால் ஏணி ஏறுவது போல வலிக்காத உயரம் வரை கையை ஏற்றி இறக்குங்கள். நீங்கள் மீன் பிடிப்பவர், ஆனால் பிடித்ததை விற்றுவிட்டு வீட்டில் ரசமும் சோறும் சாப்பிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் தினம் புரதம் வேண்டும். அறுபது கிலோ எடைக்கு அறுபது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் பதினெட்டு கிராம் அளவுக்கு இருக்கிறது. சிறுநீரகத்தில் குறை ஏதும் இல்லை என்று ரத்தம் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

உங்கள் ஊருக்கு மக்களைத் தேடி மருத்துவம் வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசுத் திட்டம். வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தருவதோடு, தேவைப்படுவோருக்கு இயன்முறைச் சிகிச்சையும் இலவசமாகத் தருகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் தோள் வலியைச் சொல்லிப் பெயரைப் பதியுங்கள்.

கடைசியாக ஒன்று செய்து எனக்கு எழுதுங்கள். ஒன்றரை அடி உயர நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று உங்கள் மனைவியைப் பார்க்கச் சொல்லுங்கள். பதினைந்துக்கு மேல் போனால் கையை விடக் காலுக்குத்தான் நான் முதலில் பயிற்சி எழுத வேண்டியிருக்கும். வலையின் ஈர எடையையும் அதோடு குறித்து அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு எத்தனை அடி வலை என்று முடிவு செய்வோம்.